கடல் குஞ்சு ஏரிக்கு வந்த கதை

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் பேச்சு)



ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்து, ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிகிறபோது ஒரு காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கீழே இறங்குகிறது. மீனோ மேலே ஏறப் பார்க்கிறது. சாண் நீளக் கெண்டை இரண்டு, மூன்று முறை முட்டிப் பார்த்து, ஒரே தாவாகத் தாவி ஏறிவிடும். அதே இடத்தில் விரற்கடை அளவு குஞ்சு எத்தனை தரம் முயன்றாலும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே போகும். இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள். மார்கழிக் காலையில் குஞ்சுகள் கரை ஓரத்தில் அசையாமல் கிடக்கும். பத்து மணி வெயில் ஏறினதும் அதே குஞ்சு அம்பு மாதிரி ஓடும்.

ஒன்று குஞ்சின் வளர்ச்சி. மற்றொன்று தண்ணீரின் சூடு. இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு மீன் குஞ்சு எவ்வளவு நீந்தும் என்பதைத் தீர்மானிக்கின்றன. "இதுதான் எங்களுக்குத் தெரியுமே" என்று சொல்வீர்கள். கண்ணால் பார்த்தது தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் அதை அளந்து, கணக்குப் போட்டு, பயனுக்குக் கொண்டுவர மனிதனுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கதை கடலைப் பற்றியது. ஆனால் அது வந்து முடிகிற இடம் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்து ஏரிக்கரையும் பண்ணைக் குட்டையும்தான்.

கடலுக்கும் நமக்கும் என்ன உறவு?

நம் வட்டாரத்துக்குக் கடல் தூரமில்லை. 25 கிலோமீட்டருக்குள் வங்கக் கடல். கூவம் ஆறு திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பருத்திப்பட்டு, திருவேற்காடு, மதுரவாயல், சேத்துப்பட்டு வழியாக நேப்பியர் பாலத்தருகே கடலில் சேருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் விழுந்து கடலுக்குப் போகிறது. பூண்டியிலிருந்து இறங்கும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுகிறது. ஆக, மூன்று ஆறுகள் மூன்று வாசல்கள்.

இந்த வாசல்கள் தண்ணீர் வெளியே போவதற்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல. கடலில் பிறந்த குஞ்சுகள் உள்ளே வருவதற்கும் இவைதான் வழி. மடவை, கொடுவா, பால்கெண்டை ஆகியவை கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் தீனியும் மறைவிடமும் தேடி முகத்துவாரத்துக்குள் நுழைகின்றன. அங்கே உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் கொஞ்சம் வளர்ந்து, வழி இருந்தால் நன்னீர் வரைக்கும் ஏறும். பெரிதானதும் முட்டையிட மறுபடி கடலுக்கே போய்விடும். விலாங்கும் அப்படித்தான். ஆற்றிலும் குளத்திலும் வாழ்ந்தாலும் அது பிறப்பது ஆழ்கடலில்.

நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, இந்த மீன்களுக்கு முகத்துவாரம் அப்படி. நாற்றங்காலுக்கு நாற்று வந்து சேர்ந்தால்தானே நடவு? ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குஞ்சு திறந்த கடலிலிருந்து ஆற்று வாசலுக்கு வந்து சேரவேண்டும் என்றால் அது எவ்வளவு நீந்தியாக வேண்டும், பாருங்கள். அதன் உயிரே அந்தச் சின்ன வாலில்தான் இருக்கிறது.

அணைக்கரையில் எழுந்த கேள்வி

"மீன் எவ்வளவு வேகத் தண்ணீரை எதிர்த்து ஏறும்?" என்ற கேள்வி நம் நாட்டில் அணைகளோடு சேர்ந்து பிறந்தது. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அணைகள் கட்டினார். தஞ்சாவூர்ப் பாசனம் நிலைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வந்து முட்டையிடும் உல்லம் மீனுக்கு அணைச் சுவர் தடையாக நின்றது. மீன் சுவரடியில் வந்து கூட்டங்கூட்டமாக நிற்கும். அங்கேயே வலை போட்டு வாரிவிடுவார்கள்.

அப்போது சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே என்பவர் மீன்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1873-இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்களைப் பற்றி அவர் ஓர் அறிக்கை கொடுத்தார். இந்திய மீன்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1875 முதல் வெளிவந்தது. அணைகள் மீனின் வழியை மறிக்கின்றன, சின்னக் கண்ணி வலைகள் குஞ்சுகளை வாரி அழிக்கின்றன என்று அவர் எடுத்துச் சொன்னார். பிற்பாடு 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் குற்றம் ஆயின.

அணையில் மீன் ஏற வழி விடுவது என்றால் அந்த வழியில் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடலாம்? எவ்வளவு பெரிய மீனுக்கு? எந்தப் பருவத்தில்? இதற்கெல்லாம் விடை சொல்ல அன்றைக்கு யாரிடமும் அளவுகோல் இல்லை. கண்ணால் பார்த்த மட்டில் வழி அமைத்தார்கள். கொள்ளிடத்தில் உல்லம் ஏறவில்லை. கேள்வி மட்டும் நின்றது.

கண்ணாடிக் குஞ்சும் நிக்கல்சனும்

இன்னொரு பக்கம், கடல் குஞ்சு தானாக வராவிட்டால் நாமே பிடித்துக் கொண்டுவந்து விட்டால் என்ன என்ற யோசனை. இதுவும் பழைய யோசனைதான். கர்நாடகத்துக் குந்தாப்பூர்ப் பக்கத்துக் குளங்களில் பால்கெண்டையைக் கொண்டுவந்து விட்டவர் ஹைதர் அலி என்று சொல்வார்கள். அங்கே அதற்குப் பூமீன் என்று பொருள்படும் பெயர்.

நம் மாகாணத்தில் இந்த வேலையை முறையாகத் தொடங்கியவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். இவர் பெயரை விவசாயிகள் மறக்கக் கூடாது. கந்துவட்டியில் மூழ்கிய குடியானவனுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேண்டும் என்று 1895-லும் 1897-லும் அறிக்கை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. மீனவர் பக்கம் திரும்பினார். 1907-இல் அவர் தலைமையில் சென்னை மாகாண மீன்வளத் துறை உருவாயிற்று. அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னால் அந்தத் துறைக்கே இயக்குநரானார். நம் பக்கத்தில் சேத்துப்பட்டில் அந்தத் துறையின் மீன் பண்ணை ஒன்று நெடுங்காலம் நடந்தது.

1940-களிலும் 50-களிலும் இராமேசுவரம், மண்டபம், குருசடைத் தீவுப் பக்கங்களில் பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து உள்நாட்டு நீர்நிலைகளுக்குக் கொண்டு போனார்கள். சித்திரை, வைகாசியில் கரை ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் அந்தக் குஞ்சு கூட்டமாக வரும். நீளம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர். உடம்பு கண்ணாடி போல. தண்ணீரில் பார்த்தால் மீன் தெரியாது. மூன்று கரும்புள்ளிகள் மட்டும் நகரும். இரண்டு புள்ளி கண்கள், ஒன்று வயிறு. அவ்வளவுதான்.

இத்தனூண்டு உயிரைப் பிடித்து, கடல் தண்ணீரிலிருந்து ஏரித் தண்ணீருக்கு, கடல் சூட்டிலிருந்து குளத்துச் சூட்டுக்கு மாற்றவேண்டும். சில சமயம் பிழைத்தது. சில சமயம் மொத்தமும் போயிற்று. ஏன் பிழைத்தது, ஏன் போயிற்று என்பதை அறிய, குஞ்சின் பலத்தையே அளக்கவேண்டியிருந்தது. அந்த அளவுகோல் வெளிநாட்டு ஆராய்ச்சிச் சாலைகளில் உருவாயிற்று.

நீச்சலை அளந்தவர்கள்

முதலில் நார்வே நாடு. அங்கே ஒரு வருஷம் மீன் கொட்டும், அடுத்த வருஷம் வலை வெறுங்கையாக வரும். 1914-இல் யோஹான் ஹியோர்ட் என்ற விஞ்ஞானி ஒரு கருத்தைச் சொன்னார். வலையில் விழும் மீன் கூடுவதும் குறைவதும் பெரிய மீனால் அல்ல, பொரித்து வெளிவந்த குஞ்சுகள் முதல் சில நாட்களில் பிழைப்பதா சாவதா என்பதைப் பொறுத்தது என்றார். நமக்கு இது புதிதா? நாற்று கெட்டால் விளைச்சல் இல்லை என்பதுதானே!

அடுத்து கனடா. 1948-இல் பிரை, ஹார்ட் என்ற இருவர் தங்கமீன்களை வெவ்வேறு சூட்டில் பழக்கி, எவ்வளவு வேகத்தில் தொடர்ந்து நீந்துகின்றன என்று அளந்தார்கள். குளிரில் பழகிய மீன் குளிரில் நன்றாக நீந்தியது, சூட்டில் தடுமாறியது. சூட்டில் பழகியது சூட்டில் நன்றாக நீந்தி, குளிரில் சோர்ந்தது. ஆக, தண்ணீர் எத்தனை டிகிரி என்பது மட்டும் கேள்வியல்ல. மீன் எத்தனை டிகிரியில் பழகியிருந்தது என்பதும் கேள்வி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ். அங்கே பெயின்பிரிட்ஜ் என்பவர் வண்டிச் சக்கரம் மாதிரி சுற்றுகிற வட்டத் தொட்டி ஒன்றைச் செய்தார். மீன் முன்னால் நீந்தும், தொட்டி பின்னால் சுழலும், மீன் பார்ப்பவர் கண்ணெதிரே நின்ற இடத்திலேயே இருக்கும். வால் எத்தனை முறை அடிக்கிறது என்று படமெடுத்து எண்ணலாம். 1958-இல் அவர் சொன்னது: சின்ன மீன் வாலை அடிக்கடி அடிக்கும், பெரிய மீன் நிதானமாக அடிக்கும். ஆனால் பெரியது ஒரு அடியில் போகும் தூரம் அதிகம். பையன் நாலு எட்டு ஓடுவதைப் பெரியவர் இரண்டு எட்டில் தாண்டுவது போல.

1964-இல் கனடாவின் மேற்குக் கரையில் நனைமோ என்ற ஊரில் பிரெட் என்ற விஞ்ஞானி, கடலுக்குப் போகிற வயதுள்ள சால்மன் மீன்களை ஒரு குழாய்க்குள் விட்டு, எதிரே வரும் தண்ணீர் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினார். மீன் இனி முடியாது என்று பின்வாங்கும் வேகத்தைக் குறித்தார். 15 டிகிரி வரைக்கும் சூடு ஏற ஏற நீச்சல் பலம் ஏறியது. அந்த இடத்தில் விநாடிக்கு உடல் நீளத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம். அதற்கு மேல் சூடு போனால் பலம் ஏறவில்லை, குறைந்தது. காரணம் வால் அல்ல, மூச்சு. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகக் கரைகிறது. உடம்புக்கோ சூட்டில் அதிகமாகத் தேவைப்படுகிறது.

15 டிகிரி என்பது குளிர்நாட்டு மீனின் கணக்கு. நம் கொடுவாவுக்கும் பால்கெண்டைக்கும் அது நடுக்கும் குளிர். நம் மீன்களுக்கு உகந்தது 27, 28 முதல் 30, 31 டிகிரி வரை. ஆனால் விதி ஒன்றுதான். ஒரு அளவு வரைக்கும் சூடு பலம், அதற்கு மேல் சூடு பகை.

குஞ்சுக்குத் தண்ணீர் தேன்

இன்னும் ஒரு புதிர் மீதி இருந்தது. பெரிய மீனை விட மிகச் சின்னக் குஞ்சு ஏன் குளிரில் அவ்வளவு அதிகமாகத் தளர்கிறது?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் கெட்டிப்படும், வெயிலில் இளகும். தண்ணீர் அந்த அளவுக்கு உறையாவிட்டாலும் அதற்கும் ஒரு கெட்டித்தன்மை உண்டு. 20 டிகிரித் தண்ணீரைவிட 30 டிகிரித் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இளக்கமானது. நமக்கு அது தெரியாது. சாண் நீள மீனுக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அரை சென்டிமீட்டர் குஞ்சுக்குத் தண்ணீர் தேன் மாதிரி. பெரிய மீன் ஒரு தரம் வாலை அடித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் சறுக்கிக்கொண்டே போகும். குஞ்சு வாலை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சேற்று வயலில் நடக்கிறவன் ஒவ்வொரு எட்டுக்கும் காலைப் பிடுங்கி வைப்பது போல, அது ஒவ்வொரு அடிக்கும் உழைக்கவேண்டும்.

1997-இல் பியூமன், பாட்டி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஹெர்ரிங் என்ற கடல் மீனின் குஞ்சு. சிலவற்றைக் குளிர்ந்த தண்ணீரில் நீந்தவிட்டார்கள். வேறு சிலவற்றுக்குச் சூட்டைக் குறைக்காமல், தண்ணீரில் மட்டும் கெட்டித்தன்மை தரும் ஒரு பொருளைக் கலந்தார்கள். மிகச் சின்னக் குஞ்சு தளர்ந்ததற்குப் பெரும்பங்கு காரணம் தண்ணீரின் கெட்டித்தன்மைதான் என்று தெரிந்தது. வளர்ந்த குஞ்சில் கதை மாறியது. அதற்குக் காரணம் குளிரில் மந்தமாகும் தசை.

அதே 1990-களில் ஆஸ்திரேலியாவின் பவளத் திட்டுகளில் வேறொரு ஆச்சரியம். கடல் குஞ்சு என்றால் அலை போகிற போக்கில் மிதந்து போகிற தூசு என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அங்கே, திட்டில் வந்து தங்கும் வயதை எட்டிய சின்னக் குஞ்சுகளை ஓடும் தண்ணீரில் விட்டுப் பார்த்தபோது சில இனங்கள் பல பத்து கிலோமீட்டர் தூரத்துக்குச் சமமாக ஓயாமல் நீந்தின. வெதுவெதுப்பான கடலில் வளர்ந்த குஞ்சுக்கு அப்படிப்பட்ட பலம். பொரித்த அன்று தூசு, சில வாரம் கழித்து நீச்சல் வீரன். நடுவில் நடந்தது வளர்ச்சி. அந்த வளர்ச்சியை விரைவாக்கியது சூடும் தீனியும்.

இப்போது மொத்தக் கணக்கையும் ஒன்றாக்கிப் பாருங்கள். கணக்குக்காக ஒரு குஞ்சு விநாடிக்குத் தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நீந்தும் என்று வைத்துக்கொள்வோம். 2 சென்டிமீட்டர் குஞ்சு விநாடிக்கு 8 சென்டிமீட்டர் போகும். 10 சென்டிமீட்டர் குஞ்சு 40 சென்டிமீட்டர் போகும். வாய்க்காலில் தண்ணீர் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடினால், முதலாவது அடித்துக்கொண்டு போகப்படும், இரண்டாவது எதிர்த்து ஏறும். கலங்கலில் நீங்கள் பார்த்த காட்சிக்கு விளக்கம் இதுதான்.

நம் ஊரில் விதை பிறந்தது

மறுபடி நம் நாட்டுக்கு வருவோம். 1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கப்பட்டது. 1949-இல் மண்டபத்துக்குப் போயிற்று, பின்னால் கொச்சிக்கு மாறியது. 1987-இல் உவர்நீர் மீன் வளர்ப்புக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் சென்னையில் ஏற்பட்டது. அதன் பரிசோதனைப் பண்ணை முட்டுக்காட்டில் இருக்கிறது.

அங்கே 1997-இல் கொடுவா மீனைத் தொட்டியில் வளர்த்து, ஹார்மோன் ஊசி போட்டு, முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இந்தியாவில் அது முதல் முறை. 2015-இல் பால்கெண்டையையும் அப்படியே சாதித்தார்கள். அதுவரைக்கும் கடற்கரையில் அதிர்ஷ்டத்தை நம்பிப் பிடித்த குஞ்சு, இப்போது பொரிப்பகத்தில் கேட்டு வாங்கும் விதையாயிற்று.

கொடுவா பொரித்து வெளிவரும்போது ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதனால்தான் பொரிப்பகத்தில் தண்ணீரை 28, 30 டிகிரியில் ஆடாமல் வைத்துக் காக்கிறார்கள். குளிர்ந்தால் குஞ்சு இரையைத் துரத்த முடியாது. துரத்த முடியாதது பட்டினி, பட்டினியானது வளராது, வளராதது இன்னும் தளரும். கொடுவாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முந்தி வளர்ந்த குஞ்சு பிந்தியதை விழுங்கும். தன் நீளத்தில் பாதிக்கு மேலே இருப்பதைக்கூட விழுங்கிவிடும். சின்னது ஓடித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் நீளம் குறைந்தால் வேகமும் குறைவு. ஆகவே சில நாளைக்கு ஒருமுறை சல்லடை போட்டு அளவு பிரிக்கிறார்கள். பெயின்பிரிட்ஜ் தொட்டியில் கண்ட உண்மை இங்கே பொரிப்பகத்தில் சோறு போடுகிறது, பார்த்தீர்களா!

நம் வாசல்கள் என்ன ஆயின?

முன்னே சொன்ன மூன்று வாசல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு தென்பக்கத்தில் மணல் ஒதுங்கி மெரினா அகன்றது. கூவத்தின் வாயில் மணல் மேடு சேருகிறது. அடையாற்றின் வாயும் மழை இல்லாத மாதங்களில் அடைபடுகிறது. பால்கெண்டைக் குஞ்சு கரையேறும் காலமோ சித்திரை, வைகாசி. விருந்தாளி வருகிற நேரத்தில் வாசல் சாத்தியிருக்கிறது. தப்பி நுழைந்தாலும் உள்ளே சாக்கடை. அதில் பிராணவாயு இல்லை. பிராணவாயு இல்லாத தண்ணீரில் எந்த வாலும் வேலை செய்யாது. அதையும் தாண்டினால் பருத்திப்பட்டு அணைக்கட்டு மாதிரிச் சுவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறுகள் வாசலைத் தாங்களே உடைத்துத் திறந்தன. வெள்ளம் வடிந்ததும் மணல் திரும்பி வந்தது.

அதனால் இன்றைக்குப் பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துக் குட்டைக்குக் கடல் குஞ்சு வருவதென்றால் ஆற்று வழியில் அல்ல, வேனில், பிளாஸ்டிக் பையில்தான். ஆறு செய்த வேலையை இப்போது நீங்கள் செய்கிறீர்கள். உப்பிலிருந்து நன்னீருக்கும், ஒரு சூட்டிலிருந்து மற்றொரு சூட்டுக்கும் மெல்ல மெல்ல மாற்றுவது ஆற்றின் வேலை. ஆறு அதை வாரக்கணக்கில் செய்தது. நாம் அரை நிமிஷத்தில் பையைக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் குஞ்சைக் காணோம் என்றால் விதை கொடுத்தவரைத் திட்டுகிறோம்.

கரையில் நின்று செய்யவேண்டியது

ஆகவே சில காரியங்களைச் சொல்கிறேன். செலவில்லாத காரியங்கள்தான்.

முதலாவது, நன்னீர்க் குட்டைக்கு வாங்குகிறீர்கள் என்றால் பொரிப்பகத்திலேயே உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்கிய குஞ்சு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீரிலிருந்து நேரே ஏரித் தண்ணீரில் போடக் கூடாது.

இரண்டாவது, குஞ்சை விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவாருங்கள். கத்திரி வெயிலில் மத்தியான நேரம் குட்டையின் மேல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். பைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். பிரை, ஹார்ட் சொன்னது நினைவிருக்கிறதா? குளிரில் பழகியது சூட்டில் தடுமாறும். தடுமாறுகிற குஞ்சு சாகாவிட்டாலும் சிறிது நேரம் நீந்தத் தெரியாமல் மயங்கி நிற்கும். நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் விராலுக்கும் அந்த நேரம் போதும்.

மூன்றாவது, பையைக் கட்டு அவிழ்க்காமல் அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்க விடுங்கள், நிழலில். பிறகு அவிழ்த்து, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றுங்கள். கடைசியில் பையைச் சாய்த்துப் பிடியுங்கள். குஞ்சு தானாக நீந்தி வெளியே போகட்டும். வெளியே நீந்திப் போகிற குஞ்சு பிழைக்கிற குஞ்சு. சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். கூட்டுறவாகச் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.

நான்காவது, ஒன்றரை சென்டிமீட்டர் குஞ்சு மலிவு என்று அதைப் பெரிய குட்டையில் நேரே கொட்டாதீர்கள். முதலில் குட்டையின் ஓரத்தில் நைலான் வலைத் தொட்டில் கட்டி, அதில் வைத்துத் தீனி கொடுத்து, அளவு பிரித்து, விரல் நீளத்துக்கு வளர்த்துப் பிறகு விடுங்கள். நாற்றை நட்டுப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையல்ல.

ஐந்தாவது, குஞ்சு சின்னதாக இருக்கும் வரை மோட்டார்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சாதீர்கள். வடிகால் வாயில் வலை கட்டியிருந்தாலும் இழுப்பு அதிகமானால் குஞ்சு வலையில் ஒட்டிச் சாகும்.

ஆறாவது, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்ட குட்டையில் கொடுவாவை விடாதீர்கள். அது கறி தின்னும் மீன். ஊர்ப் பொது ஏரியில் விடுவது அதைவிடத் தப்பு. பால்கெண்டை பாசி தின்பது, அதனோடு சண்டை இல்லை. இரண்டுமே நம் குட்டையில் முட்டையிடாது, ஒவ்வொரு தடவையும் விதை வாங்கவேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நல்ல கோடையில் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு ஒரு நடை குட்டைக்குப் போய்ப் பாருங்கள். 20 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு வரை கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ராத்திரி பாசியும் அதில் பங்கு எடுத்துக்கொள்ளும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றால் தீனியை நிறுத்துங்கள், புதுத் தண்ணீர் விடுங்கள்.

அணைக்கரையில் சுவரடியில் நின்ற உல்லத்தைப் பார்த்து எழுந்த கேள்விக்கு விடை கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று. இப்போது விடை கையில் இருக்கிறது. ஆற்று வாசல்கள் என்றைக்காவது சுத்தமாகித் திறந்தால் குஞ்சுகள் நம்மைக் கேட்காமல் தாமே ஏறி வரும். அதற்கு அரசாங்கமும் வேண்டும், ஊரும் வேண்டும். அதுவரைக்கும் உங்கள் கரையில் நிற்கிற அந்தப் பைக்கு ஆறு நீங்கள்தான். அரை மணி நேரம் பொறுமையாக இருங்கள்.